பிரேக் மாஸ்டர்

“முதல்ல செருப்பைக் கழட்டுங்க. ஷூவா? அதையும்தான். சாக்ஸ் மட்டும் எதுக்கு, அதையும் உருவுங்க.”

பெரிய இதய மருத்துவர் ஒருவர் மேடை நடுவில் ஒற்றைக் காலில் நின்று சாக்ஸை உருவிக்கொண்டிருக்கிறார். அவர் கண் அசைத்தால் ஒரு மருத்துவமனையே ஓடும். இங்கே அவர் வெறுங்காலோடு நிற்பதை, மேடைக்குக் கீழே இடுப்பில் கைவைத்தபடி ஒரு மனிதர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“பாத்தீங்களா, கட்டைவிரல் ஆடுது. பயம் நாக்குல இருக்குன்னு நினைச்சீங்களா? அங்கதான் இருக்கு. தரையில அழுத்துங்க. இன்னும். ம்... இப்ப பேசுங்க.”

மருத்துவர் பேசுகிறார். சற்றுமுன் வரை நடுங்கிய குரல் இப்போது நடுங்கவில்லை. கீழே நிற்பவர் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, இருக்கிற நாலு முடியையும் ஒழுங்காக வாரிக்கொள்கிறார். ஓர் ஆளைத் தேற்றிவிட்டார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

ஆண்டுதோறும் அந்த அரங்கில் சிந்தனை மாநாடு ஒன்று நடக்கிறது. புதுக் கருவி செய்தவர்கள், ஊரைத் திருத்த வழி கண்டவர்கள், ஓவியர்கள், ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாரும் வந்து ஆளுக்குக் கால் மணி நேரம் பேசுவார்கள். பேச்சு படமாகி உலகம் முழுக்கப் போகும். அவர்களை மேடைக்குப் பழக்கி அனுப்புகிறவர் இவர். நிகழ்ச்சி அட்டையில் ‘பேச்சுப் பயிற்சியாளர்’ என்று அச்சடித்திருக்கும். பேச்சாளர்கள் வைத்த பெயர் ‘பிரேக் மாஸ்டர்’. “ஆக்சிலேட்டர் மிதிக்க எல்லாருக்கும் தெரியும். எங்க பிரேக் போடணும்னு தெரியணும் சார்” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கு அதில் சந்தோஷம்தான்.

படிப்பு எட்டாம் வகுப்பு, அதுவும் பாதியில். ஒரு பழைய வேனில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வாளியும் கூடையும் துடைப்பமும் விற்றவர். ஒருநாள் மாநாட்டு அமைப்பாளரான அம்மாள் போக்குவரத்து நெரிசலில் அந்த வேனுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். வேண்டாத மூன்று வாளிகளைத் தூக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான், காசு கொடுத்தது வாளிக்கு அல்ல, பேச்சுக்கு என்று அந்த அம்மாளுக்கு உறைத்ததாம். மறுநாளே ஆளைத் தேடிப் பிடித்துவிட்டார். இந்தக் கதையை மாஸ்டர் எல்லாரிடமும் சொல்வார். சொல்லும்போதெல்லாம் வாளியின் எண்ணிக்கை ஏறும்.

தற்பெருமை என்று முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். கீழேயிருந்து தன் கையை ஊன்றி எழுந்து வந்தவன் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாவிட்டால், வேறு எவன் வந்து தட்டப்போகிறான்? பட்டம் வாங்கியவர்களுக்குச் சுவரில் மாட்டச் சட்டம் போட்ட காகிதம் இருக்கிறது. மாஸ்டருக்கு வாய்தான் காகிதம், அதுவே சட்டம்.

அவருக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர் வாக்கியத்தை முடிக்கும்வரை பொறுக்க மாட்டார். தானே முடித்துவிடுவார்.

“மாஸ்டர், எனக்கு நாளைக்கு ஒரு...”

“லீவு வேணும். எடுத்துக்கோ.”

“சார், உங்களுக்கு டீ...”

“சர்க்கரை கம்மியா. கொண்டா.”

பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். தப்பாகப் போன சமயங்களில் எதிராளியே, ‘சரி, இதுவும் நல்லாத்தான் இருக்கு’ என்று விட்டுக்கொடுத்துவிடுவார். அதனால் தப்பானதே இல்லை என்று மாஸ்டர் நம்புகிறார்.

மௌனத்தைப் பற்றி அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. “நிறுத்துறது வேற, நின்னுபோறது வேற. நிறுத்தினா சபை உங்களைப் பாக்கும். நின்னுபோனா சபை வாட்சைப் பாக்கும். ஒருத்தன் இருமுவான். முதல் இருமல் கேட்டுச்சுன்னா உங்க கதை முடிஞ்சுது.” அந்த இருமலைத் தடுக்கத்தான் மேடையோரத்தில் அவர் மேசையில் ஒரு கை மைக் இருக்கிறது. எவராவது வார்த்தை தொலைந்து விழித்தால், “இந்த இடத்துல எல்லாரும் பலமா ஒரு கைதட்டு!” என்று அவர் குரல் கூரை ஒலிபெருக்கியிலிருந்து இறங்கும். பேச்சாளர் அதற்குள் மூச்சுப் பிடித்துக்கொள்வார். இப்படிக் கரைசேர்ந்தவர்கள் நிறைய.

இப்போது வீட்டிலும் அவர் பேச்சுதான். மனைவி தையல் கடை நடத்தியவர், வாயும் கத்தரிக்கோலும் ஒரே வேகத்தில் ஓடும் ஆள். இரண்டு ஆண்டுகளுக்குமுன் தொண்டையில் கட்டி வந்து, அறுவை செய்து, குரல் போய்விட்டது. அன்றிலிருந்து கழுத்தில் சின்ன சிலேட்டு ஒன்று தொங்குகிறது. மனைவி இரண்டு சொல் எழுதுவார். மிச்சத்தை மாஸ்டர் வாயால் முடிப்பார். நாளடைவில் மனைவி மூன்றாவது சொல்லை எழுதுவதையே விட்டுவிட்டார். “ரெண்டு வார்த்தை போதும் எங்களுக்குள்ள. அவ மனசு அவளுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிடும்” என்று மாஸ்டர் மாநாட்டு மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்லும்போது, இளம் தம்பதிகள் கண் கலங்கியிருக்கிறார்கள்.

இந்த ஆண்டு பேச்சாளர் பட்டியலில் அவர் மகளும் இருந்தாள். கணினியில் குரல்களை உருவாக்கும் வேலை அவளுடையது. மகிழ்ச்சியில் மாஸ்டர் அரங்கக் காவலாளி வரைக்கும் இனிப்பு கொடுத்தார். ஆனால் மகள் ஒரு நிபந்தனை வைத்தாள்.

“நான் உங்ககிட்ட பயிற்சிக்கு வரலப்பா.”

“ஏன், எட்டாங்கிளாஸ் ஆளுன்னா?”

“ஐயோ, அதுக்கில்ல. நீங்க என்னை முடிக்க விடமாட்டீங்க.”

இதையும் அவர் நகைச்சுவையாக எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு சற்று நீளமாக இருந்தது.

மாநாட்டன்று மகள் நன்றாகவே ஆரம்பித்தாள். கட்டைவிரல் ஆடவில்லை என்பதை மாஸ்டர் முதலில் பார்த்துக்கொண்டார். “எங்கம்மா எனக்கு அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எதையுமே நான் அழிக்கல. ‘குடை எடுத்தியா?’ ‘போய்ச் சேந்ததும் ஒரு மிஸ்டு கால் குடு.’ ‘ஏன்டி, போனை எடுத்தா உன் கை தேஞ்சா போயிடும்?’” அரங்கம் சிரித்தது. அந்தத் துண்டுகளையெல்லாம் ஒட்டவைத்துத்தான், தட்டச்சு செய்தால் அம்மாவின் குரலிலேயே பேசும் கருவியைச் செய்ததாகச் சொன்னாள். சொல்லிவிட்டுப் பக்கவாட்டுத் திரையைப் பார்த்தாள்.

திரையை விலக்கிக்கொண்டு மாஸ்டரின் மனைவி வந்தார். கழுத்தில் சிலேட்டு இல்லை. கையில் மட்டும் ஒரு கருவி.

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார்! தாயும் மகளும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! ஆனாலும் தொழில்காரர் கண் தானாக வேலை பார்த்தது. நிற்கும் இடம் சரி. வெளிச்சம் சரி. பேச வேண்டிய வணக்கத்தையும் நன்றியையும் மகள் கருவியில் ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்தாள். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். மகள் அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அந்தப் பொத்தானை மனைவி அழுத்தவில்லை. அதைச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு ஒற்றை விரலால், ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து என்று தட்ட ஆரம்பித்தார்.

மகள் முகத்தில் குழப்பம். இது அவள் திட்டத்தில் இல்லை. அரங்கம் நிறைந்த கூட்டம் அந்த ஒற்றை விரலைப் பார்த்தபடி இருந்தது. விரல் தேடியது. தவறாகத் தட்டி அழித்தது. மறுபடி தேடியது. மாஸ்டர் தன் மேசையை நெருங்கினார். ‘நின்னுபோயிட்டா. பாவம், பயந்துட்டா.’ எங்கோ பின் வரிசையில் ஒருவர் இருமினார்.

அவ்வளவுதான். கை தானாக மைக்குக்குப் போயிற்று.

“என் மனைவிக்குக் கொஞ்சம் கூச்ச சுபாவம்! எல்லாருக்கும் ரொம்ப நன்றின்னு சொல்ல நினைக்கிறாங்க. இந்த நாளை மறக்கவே மாட்டேன்னு சொல்றாங்க. பலமா ஒரு கைதட்டு!”

கூட்டம் தட்டியது. மனைவி நிமிரவில்லை. தட்டி ஓய்ந்த பிறகும் விரல் நகர்ந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு பொத்தானை அழுத்தினார்.

“நான் நன்றி சொல்ல வரல. ஏங்க, அந்த மைக்கைக் கொஞ்சம் வைங்க.”

அதே குரல். துணியை அளந்துகொண்டே பேசும், சற்று மூக்கால் வரும், வாக்கியக் கடைசியில் லேசாக மேலே ஏறும் அந்தக் குரல். இரண்டு ஆண்டுகளாக எங்குமே இல்லாத குரல் கூரையிலிருந்து இறங்கி வந்தது. அரங்கம் வெடித்துச் சிரித்தது. மாஸ்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது. மைக்கை வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. விரல் மறுபடி ஓட ஆரம்பித்தது. சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. இந்த முறை ஒருவரும் இருமவில்லை.

“எனக்குத் தொண்டையில வலிக்குது. போன வருஷத்துலேர்ந்து வலிக்குது. டாக்டர் கேக்குறப்பல்லாம், வலி இல்ல, நல்லாத்தான் இருக்கான்னு இவரே சொல்லிடுவாரு.”

சிறிது நேரம் கழித்து இன்னும் ஒரு சொல் வந்தது.

“முடிச்சிட்டேன்.”

கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை. மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். முன் வரிசையில், அன்று வெறுங்காலோடு பயிற்சி எடுத்த அந்த இதய மருத்துவர் இருக்கை நுனிக்கு வந்துவிட்டிருந்தார். அப்போதுதான் கூரையிலிருந்து ஒரு சத்தம் வருவதை எல்லாரும் கேட்டார்கள். வண்டி இழுத்து வந்த மாடு இரைப்பதுபோல், விட்டு விட்டு, ஈரமாக ஒரு சத்தம். மாஸ்டரின் கையிலிருந்த மைக் அணையவில்லை. ஊருக்கெல்லாம் மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தவரின் மூச்சு அது. ஒலிப்பொறியாளர் பதறி இணைப்பைத் துண்டிக்கும்வரை அரங்கம் முழுக்க அதுதான் கேட்டது.

மேடைக்குப் பின்னால் இருந்த நடைவழியில் அமைப்பாளர் அம்மாள் அவரைப் பிடித்தார். “மாஸ்டர், வீடியோவுல அந்த இடத்தை மட்டும்...” என்று இழுத்துவிட்டு, வழக்கம்போல் அவர் முடிப்பார் என்று காத்திருந்தார். மாஸ்டர் முடிக்கவில்லை. “...வெட்டிடலாமா?” என்று அந்த அம்மாளே முடிக்க வேண்டியதாயிற்று. அதற்குள் அவர் மகளைத் தேடிப் போய்விட்டார்.

“எனக்கும் தெரியாதுப்பா. சத்தியமா அம்மா என்கிட்டயும் சொல்லல.”

“ஒரு வார்த்தை எழுதிக் காட்டியிருக்கக் கூடாதாம்மா? சிலேட்டு கழுத்துலதானே தொங்குது?”

மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “எழுதினாங்கப்பா. ‘தொண்டையில கொஞ்சம்’னு எழுதினாங்க. நீங்க ‘வறண்டுபோச்சா, இந்தா தண்ணி’ன்னு டம்ளரை நீட்டினீங்க. நானும் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். நானும் தண்ணின்னுதான் நினைச்சேன்.”

மாஸ்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். அந்தத் தண்ணீரை மனைவி வாங்கிக் குடித்தது அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் அப்படி வெளுத்துப்போயிருந்தது. தள்ளி, ஒரு நாற்காலியில் மனைவி கருவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழவும் இல்லை, கோபமும் இல்லை. கூலியை வாங்கிக்கொண்டு வீடு கிளம்பும் ஆள்போல இருந்தார்.

அன்று சாயங்காலமே தொண்டை மருத்துவரிடம் போனார்கள். வண்டியில் ஓட்டுநர் வானொலியைப் போட்டார், பிறகு அவராகவே அணைத்தார்.

மருத்துவர் பழைய காகிதங்களைப் புரட்டினார். ஒவ்வொன்றிலும் ‘வலி இல்லை’ என்று எழுதியிருந்தது. நிமிர்ந்து, எப்போதும்போல் மாஸ்டரைப் பார்த்துக் கேட்டார். “சொல்லுங்க, எப்படி இருக்காங்க?”

மாஸ்டரின் வாய் திறந்தது. உதடு ஏதோ ஒரு சொல்லுக்குக் குவிந்துகூட விட்டது. மூடிக்கொண்டார். மனைவியைப் பார்த்தார்.

மனைவி கருவியை மேசைமேல் வைத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முதல் எழுத்தைத் தேடினார். மருத்துவர் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். வெளியே ஒரு குழந்தை வீறிட்டது. விரல் நின்று யோசித்தது. எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

கதவு திறந்தது. தாதி தலையை மட்டும் உள்ளே நீட்டினார். “டாக்டர், வெளில கூட்டம் நிக்குது, அடுத்தவங்களை...”

மனைவியின் விரலிலிருந்து கண்ணை எடுக்காமல், மாஸ்டர் கதவுப் பக்கம் கையை உயர்த்தி, உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.