விருந்து முடிந்த பிறகும் ஆவடியில்

கனடா போகப்போகிறவள் என்று ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசை முழுவதும் விருந்து சாப்பிட்டவள் நான். எண்பதுகளின் கடைசி அது. கல்யாணம் முடிந்த சில வாரங்களில் கணவர் அங்கே வேலைக்குத் திரும்பிவிட்டார். போகும்போது, "அடுத்த மாசம் விசா வந்துடும், தயாரா இரு" என்று சொன்னார். அப்பா அதைத் தொழிற்சாலையில் சொன்னார், அம்மா குழாயடியில் சொன்னாள். ஊரை விட்டுப் போகிற பெண்ணைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவது எங்கள் வரிசையில் வழக்கம். ஒரு வீட்டில் வடை பாயசம், அடுத்த வீட்டில் பிரியாணி, எல்லா வீட்டிலும் வெற்றிலை பாக்கோடு ரவிக்கைத் துணி. எல்லா வாசலிலும் "போயிட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டேன்.

விசா வரவில்லை.

ஏதோ ஒரு சான்றிதழ் குறைகிறது என்றார்கள். அதை அனுப்பினால் இன்னொன்று கேட்டார்கள். மருத்துவப் பரிசோதனை முடித்தேன். மற்றது எல்லாம் சேர்வதற்குள் அதன் கெடு முடிந்துபோனது, மறுபடி போய் நெஞ்சைப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். டெல்லிக்கு ரயிலேறி நேர்காணலுக்கும் போனேன். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். தீபாவளி வந்தது, பொங்கல் வந்தது, மறுபடி தீபாவளியும் வந்தது.

இதையெல்லாம் விடக் கொடுமை குழாயடிதான். சாப்பாடு போட்டவர்களுக்குக் கேட்க உரிமை இருக்கிறதே, கேட்டார்கள். "என்னம்மா, இன்னும் போகலையா?" முகூர்த்தம் முடிந்து பந்தலைப் பிரிக்கும்போதும் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். பால் வாங்கப் போவதற்குக்கூட மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

வீட்டில் என் பெயரே 'போகப் போறவ' என்று ஆகிவிட்டது. நர்சரிப் பள்ளி வேலையை முதல் மாதமே விட்டிருந்தேன். செருப்பு அறுந்தபோது, "போகப் போறவளுக்கு எதுக்குட்டி புதுச் செருப்பு? தச்சுப் போட்டுக்கோ" என்றாள் அம்மா. ஆவடிக்கு வந்து எத்தனை வருஷமானாலும் அவள் பேச்சு திருநெல்வேலியிலேயே இருந்தது. எனக்கென்று வீட்டில் இருந்த ஒரே புதுப் பொருள், பனிக்கு வேண்டும் என்று வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்த கறுப்பு ஷூதான். மாங்காட்டு அம்மனுக்கு வாரா வாரம் எலுமிச்சம்பழம் கொண்டுபோகிற வேண்டுதலை அம்மா முடித்தாள். பலிக்கவில்லை என்றதும், குறை தன் பக்கம்தான் என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

முதலில் அழுதேன். பிறகு கோபம் வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமே வரவில்லை, அந்தக் காலம்தான் நீளம். தொழிற்சாலைச் சங்கு ஊதினால் எழுந்தேன், மறுபடி ஊதினால் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருமுனை வீட்டுக்குக் கணவர் போன் செய்வார். எப்படி இருக்கே என்பார், நல்லா இருக்கேன் என்பேன். ஒரு ஞாயிறு, பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் முகத்தை நினைத்துப் பார்த்தேன். கல்யாண ஆல்பத்தில் இருந்த முகம்தான் வந்தது, அவர் முகம் வரவில்லை. அதற்கு வருத்தப்படக்கூட எனக்குத் தெம்பு இல்லை. ஒன்றே ஒன்றுக்குத்தான் பயந்தேன். இப்படி மரத்துப்போய் விமானம் ஏறினால், அங்கே காத்திருக்கிற மனிதருக்கு நான் என்னத்தைக் கொடுப்பேன்?

எதிர்வீட்டு அக்கா மட்டும் 'இன்னும் போகலையா' என்று கேட்டதே இல்லை. அவர் பூந்தமல்லிக்காரர். என் கணவர் கிளம்பிய அன்று, சகுனம் நன்றாக இருக்கட்டும் என்று அம்மா கேட்டுக்கொண்டதால் நிறைகுடத்தோடு எதிரே நடந்து வந்தவர் அவர்தான். எனக்கு முதல் விருந்தும் அவர் வீட்டில்தான். அதற்குப் பிறகு பார்க்கும்போதெல்லாம், "இன்னா கண்ணு, இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்று மட்டும் கேட்பார். கீரை ஆய உட்கார்ந்தால் பாதிக் கீரையை என் பக்கம் தள்ளிவிடுவார். குழம்பு என்ன என்பதற்காவது என்னிடம் எப்போதும் பதில் இருந்தது.

கடைசியில் ஒரு மழைக்காலத்தில் விசா வந்தது. நான் துள்ளவில்லை. அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து, "இந்தத் தடவ யார்ட்டயும் மூச்சு விடாத. ஏறின பொறவு சொல்லிக்கிடலாம்" என்றாள். பெட்டியை அப்பா முந்தின நாளே அம்பத்தூரில் சித்தப்பா வீட்டில் கொண்டுபோய் வைத்தார். அவரும் அம்மாவும் எனக்கு முன்பே தனித்தனியாகக் கிளம்பிப் போய்விட்டார்கள். ஏதோ திருட்டுக் குடும்பம் மாதிரி. நான் சாயங்காலம் காய்கறி வாங்கும் ஒயர் கூடையோடு கிளம்பினேன். உள்ளே துண்டுக்கு அடியில் பாஸ்போர்ட். பெட்டியில் அந்தக் கறுப்பு ஷூ அடங்காததால் காலில் போட்டுக்கொண்டிருந்தேன்.

குழாயடியில் அக்கா மட்டும் இருந்தார். என் முகத்தைப் பார்த்தார். புடவைக்குக் கீழே தெரிந்த ஷூவையும் பார்த்தார்.

"கடைக்கா, கண்ணு?"

"ஆமாக்கா."

"செரி, போய்ட்டு வா."

சொல்லிக்கொள்ளாமல் போகிறோமே என்று அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நடந்தேன். வரிசையின் கடைசி வீட்டைத் தாண்டித் திரும்பினால், எதிரே அக்கா வந்துகொண்டிருந்தார். வீடுகளின் பின்பக்கமாகச் சுற்றி ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. இடுப்பில் நிறைகுடம். தளும்பித் தளும்பிப் பாதிப் புடவை நனைந்திருந்தது. குழாயும் அவர் வீடும் எனக்குப் பின்னால் இருந்தன. அந்தப் பக்கமிருந்து தண்ணீர் தூக்கி வர அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

நான் நின்றுவிட்டேன்.

"இன்னா நின்னுகினு கீறே? நேரமாவுது, போ கண்ணு" என்று சொல்லிக்கொண்டே என்னைக் கடந்து போனார்.

பஸ் ஸ்டாப் போவதற்குள் அழுகை வந்துவிட்டது. எத்தனையோ மாதமாக வராத அழுகை. கூடையில் துண்டு இருந்தது, எடுத்துத் துடைக்கவில்லை. அந்த அழுகையை அப்படியே அங்கே காத்திருக்கிற கணவரிடம் கொண்டுபோக வேண்டும் போல இருந்தது.