மீன் தொட்டிக்காகச் சொன்ன பொய்

நான் நாலாவது படித்த வருஷம், எங்கள் வீட்டில் யாரும் இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பேச மாட்டோம். ஒன்றைச் சொல்லி, அத்தா என்று நான் கூப்பிடும் அப்பா தலையாட்டிய பிறகுதான் அடுத்தது. அவர் பேசும்போது டிவியை நிறுத்திவிடுவோம். கடிகார முள் நகர்வது கேட்கும். அதனாலோ என்னவோ, அந்த வருஷத்துப் பகல்களெல்லாம் தண்ணீருக்கடியில் நடந்தவை போலவே எனக்கு ஞாபகம்.

அத்தா துபாயில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று டாக்டர்கள் சொன்ன பிறகு எங்கள் ஊர் அமராவதிபுதூருக்கே திரும்பிவிட்டார். எனக்கு அதை அவருடைய பாஷையிலேயே விளக்கினார்.

"மூளைக்குள்ள ஓடுற ஒயருக்கு மேல இருக்க உறை அங்கங்க உரிஞ்சு போச்சும்மா. கரண்டு போகும். ஆனா மெதுவாப் போகும். சில நேரம் வழியிலயே நின்னுரும்."

கால் மரத்துப்போவதை அவர் பெரிதாக நினைக்கவில்லை. பேச்சுக்கு நடுவே வார்த்தை நழுவிப் போவதும், கடை வாசலில் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பதும்தான் அவரை வாட்டியது. வெயில் ஏறினால் இன்னும் மோசம். மத்தியானத்தில் கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு ஃபேனுக்குக் கீழே கண்ணை மூடிக் கிடப்பார். மறக்கக் கூடாததையெல்லாம் ஒரு பச்சை நோட்டில் எழுதிவைக்கப் பழகியிருந்தார். மாத்திரை போட்டது, கேஸை அணைத்தது, யாரிடம் என்ன சொன்னது, எல்லாம் அதில் இருக்கும். நோட்டில் இருந்தால் நடந்தது, இல்லையென்றால் நடக்கவில்லை.

எனக்கு அப்போது மீன் தொட்டி மேல் பைத்தியம். கூடப் படித்தவள் வீட்டில் பார்த்தது. வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே ஆரஞ்சு மீன்களைக் கனவு காண்பேன். ஒரு மத்தியானம், ஈரத்துண்டோடு படுத்திருந்தவரிடம் போய்க் கேட்டேன்.

"மீன் தொட்டி வாங்கித் தாரேன்னு சொன்னீகள்ல அத்தா, எப்பப் போறோம்?"

எழுந்து உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார். "எப்பம்மா சொன்னேன்?"

"வெள்ளிக்கிழமை. தொழுதுட்டு வந்து சட்டையக் கழட்டும்போது."

பொய்க்கு அந்தச் சட்டை விவரம் எனக்கு எங்கிருந்து கிடைத்ததோ, தெரியவில்லை. அவர் முன்னும் பின்னுமாக மறுபடி புரட்டினார். பிறகு என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "சொல்லியிருப்பேன்" என்று பேனாவை எடுத்தார்.

சனிக்கிழமை, வெயில் ஏறுமுன் காரைக்குடிக்குப் பஸ் ஏறினோம். திரும்பும்போது தொட்டி அவர் மடியில், தண்ணீர்ப் பையில் இரண்டு மீன்கள் என் மடியில். பையின் வழியே பார்த்தால் பனைமரங்கள் வளைந்து நெளிந்து மிதந்தன; மீன் ஒன்று கண்மாயைத் தாண்டிப் போயிற்று. உலகத்தில் குறையொன்றும் இல்லை. தொட்டியின் மேல் நோட்டை விரித்து, அத்தா வழி நெடுகப் புரட்டிக்கொண்டே வந்தார்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் அம்மாவிடம் அவர் சொன்னது கேட்டது.

"மறந்து போகுதுன்னுதான் நோட்டு. நோட்டுல எழுதவே மறந்தா நான் எதத்தான் நம்புறது? இனிமே அடுப்புப் பக்கம் வரல. பிள்ளையப் பள்ளிக்கூடத்துல விடுறதும் நீயே பாத்துக்க."

"ஒரு தடவதானங்க. அதுக்குப் போயி இப்பிடி ஒடைஞ்சு போறீகளே," என்றாள் அம்மா.

திங்கட்கிழமை அம்மாதான் என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டாள். அத்தா வாசல்வரை வந்து பையை மட்டும் கொடுத்தார். மறுநாளும் அப்படியே. வீட்டுக்கு வந்தால் மீன்கள் சுற்றிச் சுற்றி வந்தன. எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. புதன்கிழமை அவர் முன்னால் போய் நின்றேன்.

"நீங்க சொல்லவே இல்ல அத்தா. நான்தான் பொய் சொன்னேன்."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

"இன்னொரு தடவ சொல்லும்மா. மெதுவாச் சொல்லு."

"மீன் தொட்டி வாங்கித் தாரேன்னு நீங்க சொல்லவே இல்ல."

"இங்குட்டு வா, சீக்கிரம் வா!" என்று அம்மாவைக் கூப்பிட்டார். "நான் சொல்லவே இல்லையாம்! நோட்டு சரியாத்தான் இருந்திருக்கு!"

என்னை இழுத்து அணைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஓடி வந்த அம்மா என்னைத் திட்ட வாயெடுத்து, திட்டாமல், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மறுநாள் காலை அத்தாவே என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார்.

பொய் சொன்னவளுக்கு இத்தனை கொண்டாட்டம் ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. அத்தாவுக்கு அது பிடித்திருக்கிறது என்று மட்டும் புரிந்துகொண்டேன். மறுவாரமே இன்னொரு பொய்யைச் சொல்லி, உடனே அதை ஒப்புக்கொண்டுவிட்டு, சிரிக்கப்போகிறார் என்று அவர் முகத்தையே ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.