ஒரு சொட்டும் ஒழுகாத பைகள்

எங்கள் கட்டடத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருப்பவன் நான். மூன்றாவது மாடி, இடது பக்கம். பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், அதைப் பார்த்து நான் பல் செட் செய்து கொடுப்பேன். முப்பது வருடமாக அடுத்தவர் வாயைச் சரிசெய்கிறவருக்குத் தன் வாய் நீளம் என்பது மட்டும் தெரியவில்லை என்று என் மனைவி சொல்வாள்.

ரெயின்கோட்டக்கா மொட்டை மாடியில் பைகளை வைத்துக் காய்கறி போடப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் முதலில் கொடி பிடித்தவனும் நான்தான். என் வேலை அறைக்கு ஈரம் ஆகாது. பிளாஸ்டர் அச்சு காயாவிட்டால் பல் கோணலாக வரும், திட்டு எனக்கு வரும். போன மழைக்கே கூரையில் ஒரு கறை விழுந்திருந்தது. அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவைத்திருந்தேன். என் சுபாவம் அப்படி.

அக்கா இரண்டாவது மாடியில் தம்பி குடும்பத்தோடு இருப்பவர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர்தான், ஆனாலும் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. இருபத்தாறு வருடம் மழைக்கோட்டுக் கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தவர். கம்பெனியை மூடியபோது வயது ஐம்பத்தைந்து. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி மனைவி தங்கமானவள், சிக்கலே அதுதான். காய் நறுக்கப் போனால் கத்தியை வாங்கிக்கொள்வாள். துணி மடிக்கப் போனால், இத்தனை வருஷம் உழைத்தது போதும் என்று டிவி முன்னால் உட்காரவைப்பாள். தையல் மிஷின் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

குடியிருப்போர் கூட்டத்தில் நான் எழுந்து நிபந்தனை போட்டேன். இந்தக் கோடைக்கு மட்டும் அனுமதி. என் கூரையில் புதிதாக ஒரு சொட்டு ஈரம் தெரிந்தாலும் அன்றைக்கே எல்லாப் பைகளும் கீழே இறங்கிவிட வேண்டும். செயலாளர் எழுதிக்கொண்டார், அக்கா சரி என்றார். கூட்டம் முடிந்து படியேறும்போது, கடையில் கிடைக்காத தக்காளியா, இந்த வயதில் எதற்கு இந்தத் தலைவலி என்று கேட்டேன்.

"தம்பி வீட்டுல எனக்கு எல்லாமே இருக்குண்ணே. என்னால ஆக வேண்டியதுதான் ஒண்ணும் இல்ல" என்றார்.

நான் இருமிக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டேன்.

கட்டிலுக்கு அடியிலிருந்து மிஷின் வெளியே வந்தது. கம்பெனியில் மிஞ்சிய மழைக்கோட்டுத் துணி இரண்டு சுருள் அவரிடம் இருந்தது. அதில் இருபத்திரண்டு பைகள் தைத்தார். சாதாரணத் தையலா? ஒவ்வொரு விளிம்பிலும் இரட்டைத் தையல், அதன்மேல் டேப் வைத்துச் சூடாகத் தேய்த்து ஒட்டல். தைத்த பையில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு, கீழே செய்தித்தாளை விரித்துவைப்பார். மறுநாள் தாள் காய்ந்திருந்தால்தான் பை பாஸ். கம்பெனி வழக்கமாம். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். நான் ஒவ்வொரு பையின் அடியையும் தடவிப் பார்த்தேன், விரலில் ஈரமே இல்லை. வேலை என்றால் இதுதான் வேலை என்று மனதார நினைத்தேன்.

கோடை தொடக்கத்தில் நட்டார். தக்காளி பன்னிரண்டு பை, மற்றதில் கத்தரி, வெண்டை, வெள்ளரி, குடைமிளகாய். மூன்று வாரத்தில் தக்காளியின் அடியிலைகள் மஞ்சளாயின. பிறகு செடியே தலை தொங்கியது. தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றினார். ஊற்ற ஊற்றத் தொங்கியது. கீழே நான் தினமும் டார்ச் அடித்துக் கூரையைப் பார்த்தேன், பென்சில் கோடு போட்ட இடத்திலேயே கறை இருந்தது. எனக்குப் பரம திருப்தி.

ஒருநாள் காலையில் மாடியிலிருந்து அழுகிய முட்டை வாடை இறங்கியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு சண்டைக்குத் தயாராக மேலே போனேன். அக்கா கத்தரிக்கோலால் ஒரு பையைக் கிழித்துக்கொண்டிருந்தார். கறுப்புத் தண்ணீர் பொத்தென்று பக்கெட்டில் கொட்டியது. வேரைத் தொட்டால் கையோடு வந்தது. உலகத்தில் யார் செடிக்குப் பை தைத்தாலும் அடியில் ஓட்டை விட்டிருப்பார்கள். ஓட்டை விட்டால் வேலை போய்விடும் என்று இருபத்தாறு வருடம் தைத்த கைக்கு அது தோன்றவேயில்லை. தடவிப் பார்த்துப் பாராட்டிய எனக்கும் தோன்றவில்லை, அதை விடுங்கள்.

இருபத்திரண்டு பைச் செடியும் போச்சு. தம்பி மனைவி, போகட்டும், கீழே வாருங்கள் என்று கையைப் பிடித்து அழைத்தாள். தம்பி அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றான். அக்கா எழுந்திருக்கவில்லை.

"தண்ணி உள்ள வராம தைக்கத்தான் இத்தனை நாள் தெரிஞ்சுது. வெளிய போகத் தைக்கத் தெரியல. கத்துக்கிறேன்" என்றார்.

மழைக்கோட்டின் அக்குளில் காற்றுப் போகப் பித்தளை வளையம் அடித்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். பைகளைக் கழுவிக் காயவைத்து, கிழித்ததை மறுபடி தைத்து, அடிப்பக்கத்தில் ஆறாறு வளையம் அடித்தார். ஓட்டை என்றால் சொட்டும், என் நிபந்தனையில் மாற்றமில்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னேன். "அது அப்படியே இருக்கட்டும்ணே" என்றார். மிச்சத் துணியில் நீளமான ஓடை ஒன்று தைத்தார். செங்கல் வைத்து, பலகை போட்டு, பலகைக்குக் கீழே அந்த ஓடையைச் சரிவாகக் கட்டினார். பைகளில் வடியும் தண்ணீர் ஓடை வழியாக ஓரத்து வாளிக்குப் போகும். வாளித் தண்ணீர் மறுநாள் செடிக்கே திரும்பும். தரையில் ஒரு பொட்டு ஈரம் கிடையாது. குறை கண்டுபிடிக்க அரைமணி நேரம் குனிந்து பார்த்தேன், முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

பாதிக் கோடை போயிருந்தது. கூட்டத்தில் இந்தக் கோடைக்குத்தானே அனுமதி, அதற்குள் காய்த்துக் காட்டாமல் அடுத்த அனுமதியை எந்த முகத்தோடு கேட்பது என்று டீ கப்புகளில் விதை போட்டார். முளைத்ததைக் கண்ணும் கருத்துமாக வளர்த்துப் பைக்கு மாற்றினார். குச்சி நட்டு, துணிக் கீற்றால் கட்டி, பக்கக் கிளைகளைக் கிள்ளினார். பூ வந்தது, வந்த பூ உதிர்ந்தது. ஒரு காலையில் என் கதவைத் தட்டி, பேட்டரியில் ஓடும் பல் பிரஷ் இருக்குமா என்றார். பூக்காம்பில் வைத்து அதிரவிட்டால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்குமாம். பல் சம்பந்தப்பட்ட விஷயத்தில் நான் எப்படிச் சும்மா இருப்பது? பிரஷ்ஷோடு நானும் மேலே போனேன். பத்து நாளில் பட்டாணி அளவுக்குப் பச்சைக் காய் தெரிந்தது. அதன்பிறகு தினமும் போனேன். கூரை பாதுகாப்பு விஷயமாகப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன், மனைவி சிரித்தாள்.

காய்கள் எலுமிச்சை அளவுக்கு வந்த சமயத்தில் வெளியூரில் இருந்த அக்காவின் தங்கைக்குக் கண் ஆபரேஷன். அக்கா நாலு நாள் போக வேண்டியிருந்தது. காலையில் பைக்கு இரண்டு குவளை என்று தம்பி மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். அவளும் சொன்னபடி ஊற்றினாள். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் நான் மேலே போனபோது செடிகளெல்லாம் துவண்டு கிடந்தன. உச்சி வெயிலில் தக்காளி அப்படித்தான் துவளும், சாயங்காலம் தானாக நிமிரும் என்பது எனக்குத் தெரியாது. பதறிப்போய்க் குழாயில் ஹோஸை மாட்டி முதல் பையில் விட்டேன். அந்த நேரம் கீழே ஒரு மருத்துவரின் ஆள் அவசரமாகப் பல் செட் வாங்க வந்து நின்றான். இதோ வருகிறேன் என்று இறங்கினேன். குழாய் ஞாபகம் வந்தபோது ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. வாளி நிரம்பி, வழிந்து, என் அறைக்கு நேர் மேலே குளம் கட்டியிருந்தது.

ஓடிப்போய்க் குழாயை மூடினேன். துடைத்தேன். மறுநாள் காலையில் பென்சில் கோட்டுக்கு வெளியே தட்டு அகலத்துக்குப் புதுக் கறை. யாருக்கும் தெரியாமல் வெள்ளையடித்துவிடலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலையில் செயலாளர் உடைந்த பல் செட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் ஒட்டி முடிக்கும்வரை பொக்கை வாயோடு காத்திருந்தவர், போரடித்து அண்ணாந்து பார்த்தார். பல் இல்லாததால் ஒன்றும் சொல்லவில்லை, விரலை மட்டும் மேலே நீட்டினார். நானும் பல் உள்ள வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அக்கா அன்றைக்குத்தான் ஊரிலிருந்து வந்திருந்தார். பல்லை மாட்டிக்கொண்டு போன செயலாளர் நேரே அவரிடம் சொல்லிவிட்டார். அக்கா என்னிடம் வந்து ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. பேசிய பேச்சுப்படி பைகளை இறக்கத் தொடங்கினார். என் கதவைத் தாண்டிக் காலடிச் சத்தம் கீழே போனது, வெறும் கையோடு மேலே வந்தது, மறுபடி பாரத்தோடு கீழே போனது. தம்பி மனைவி உதவிக்கு ஓடிவந்ததும், வேண்டாம் என்று அவர் சொன்னதும் கேட்டது. நான் கதவுக்குப் பின்னால் நின்று எண்ணினேன். ஏழு. இந்த அறுபது வயதில் என்மேல் எனக்கு அவ்வளவு அருவருப்பு வந்ததில்லை.

எட்டாவது பையோடு அவர் இறங்கும்போது கதவைத் திறந்தேன். மண்ணும் ஈரமுமாகப் பை அவர் நெஞ்சில் சாய்ந்திருந்தது. காய்கள் முகத்தருகே ஆடின.

"இறக்காதீங்க. அது உங்க பைத் தண்ணி இல்ல. நான் குழாயை மூட மறந்துட்டேன்."

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை."

"ஏழு தடவை உங்க வாசலைத் தாண்டிப் போனேன்" என்றார்.

"கேட்டுச்சு" என்றேன்.

பையை என் கைகளில் வைத்தார். கனம் தோளை இழுத்தது. "காய் ஒடியாம மேல கொண்டு போங்க. மத்த ஏழும் கீழ வாசல்ல இருக்கு. அங்க செயலாளரும் நிக்கிறார். அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

சொன்னேன். எட்டாவதை மேலே வைத்துவிட்டுக் கீழே போய், கட்டடத்தில் பாதிப்பேர் வேடிக்கை பார்க்க, அடுத்த பையைத் தூக்கிக்கொண்டே சொன்னேன். நிபந்தனை போட்டவனே ஒழுகவிட்டானா என்று செயலாளர், நான் ஒட்டிக்கொடுத்த பல் தெரியச் சிரித்தார். ஏழு பைகளையும் கீழ் வாசலிலிருந்து மொட்டை மாடிவரை தூக்கி ஏற்றினேன். கடைசிப் பையை இறக்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா என்னைக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு செடியாகப் பார்த்து, சாய்ந்ததை நிமிர்த்திக் கட்டினார். எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கும் வாங்கண்ணே. ஆனா குழாயைத் தொடக் கூடாது."

சரி என்றேன்.