கல்லுடைக்கும் கீழ்க்காய்நெல்லி

என் கணவருக்குச் சிறுநீரகத்தில் கல் இருப்பது ஸ்கேனில் தெரிந்த வாரம், அவரோடு ரயில் நிலையத்தில் வேலை செய்யும் பெரு நாட்டுக்காரர் ஒரு பொட்டலம் காய்ந்த இலை கொடுத்தார். அவர்களுடைய மொழியில் அந்தச் செடியின் பெயருக்கே கல்லை உடைப்பது என்றுதான் பொருளாம்.

“இதை ஒருக்கா அவிச்சுத் தாரும்” என்றார் கணவர்.

மேசையில் கொட்டிப் பார்த்தேன். மெல்லிய காம்பின் இருபுறமும் பொடி இலைகள். அடிப்பக்கமாகக் கடுகளவு காய்கள்.

“இஞ்சருங்கோ, உது எங்கட கீழ்க்காய்நெல்லியெல்லோ!”

“அது செங்கமாரிக்கெல்லோ குடுக்கிறது? இது கல்லுக்காம்.”

அவர் சொன்னதும் சரிதான். யாழ்ப்பாணத்தில் கண் மஞ்சளித்தால் அதை அரைத்து மோரில் கொடுப்பார்கள். கல்லுக்கென்று யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஈரலுக்கான மருந்து கடல் தாண்டியதும் சிறுநீரகத்துக்கு மாறிவிடுமா?

அவர் தினமும் குடிக்கத் தொடங்கினார். எனக்கு மனம் கேட்கவில்லை. நான் ஒரு கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். தேடி வாசித்தபோது குழப்பம் கூடியதுதான் மிச்சம். கீழ்க்காய்நெல்லி என்ற பெயரில் ஒன்றுபோலத் தெரியும் பல செடிகள் புழங்குகின்றன. நம் பக்கத்துச் செடியில் பில்லாந்தின் என்ற கசப்புப் பொருள் நிறைய உண்டு. பெரு இருக்கும் அமெரிக்கக் கண்டத்துச் செடியில் அது அநேகமாக இல்லை என்றிருந்தது. நல்லது, சோதித்துவிடலாம் என்று நினைத்தேன்.

பார்க்கிங் என்ற ஊரிலுள்ள ஒரு தமிழ்க் கடையில் கீழ்க்காய்நெல்லித் தூள் வாங்கினேன். மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டு, வேலை முடிந்த பிறகு இரண்டின் சாற்றையும், ஒப்பிடுவதற்காகத் தூய பில்லாந்தினையும் பக்கத்துப் பக்கத்தில் ஒரு தட்டில் துளியாக வைத்துக் கரைப்பானில் நிறுத்தினேன். கரைப்பான் ஊறி ஏற ஏற, சாற்றில் கலந்திருப்பவை பிரிந்து வெவ்வேறு உயரத்தில் நின்றுவிடும். பெருவிலிருந்து வந்த இலையில் பில்லாந்தின் பளிச்சென்று தெரிந்தது. எங்கள் கடைத் தூளில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. துளிகளை இடம் மாற்றி வைத்துவிட்டேனோ என்று மறுநாள் திரும்பவும் செய்தேன். அதே விடை. பிறகு இன்னொன்றை வாசித்தேன்: நம்முடையது என்று நான் நினைத்த அந்தச் செடியே ஆதியில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்திருக்கலாமாம்.

“அப்ப இது ஆற்றை மருந்து, எங்கடையோ அவையின்டையோ?” என்று கணவர் கேட்டார்.

“எனக்குத் தெரியேல்லை.”

அடுத்த ஞாயிறு லூயிஷாம் சிவன் கோவிலிலிருந்து வந்ததும் அவருக்குக் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டியது. நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர். விரலில் குத்திப் பார்த்தால் இரத்தத்தில் சீனி நன்றாக இறங்கியிருந்தது. தோடம்பழச் சாறு குடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அன்று விரதமென்று அவர் காலையில் சாப்பிடவுமில்லை. காரணம் விரதமா, இலையா?

எங்கள் டாக்டர் தமிழ்நாட்டுக்காரர். “கஷாயத்தை நிறுத்திடுங்க. அது சர்க்கரையை இறக்கலாம், மாத்திரையும் போடுறீங்க. ஆனா அதனாலதான் இறங்குச்சுன்னு என்னால சொல்ல முடியாது” என்றார்.

உடனே நிறுத்தினோம். அடுத்த ஸ்கேனில் கல்லைக் காணவில்லை.

“இலை வேலை செய்திருக்கு, டாக்டர்” என்றார் கணவர்.

“இருக்கலாம். சின்னக் கல்லு தானாவும் போயிடும். தண்ணியும் நிறைய குடிச்சிருக்கீங்க.”

கணவர் சந்தோஷமாக வெளியே வந்து பெரு நாட்டுக்காரருக்குப் போன் எடுத்து நன்றி சொன்னார். சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று தெரியாமல் நான் பக்கத்தில் நின்றேன்.

செய்தி எப்படியோ பரவிவிட்டது. போன கிழமை வால்தம்ஸ்டோவிலிருந்து ஒரு அக்கா அழைத்தார். அவருடைய மகனுக்கும் கல்லாம்.

“தங்கச்சி, அந்த இலை கொஞ்சம் எடுத்துத் தர ஏலுமே?”

“அக்கா, முதல்ல டாக்டரைக் கேளுங்கோ. ஒரே மாதிரித் தெரியிற செடி கனக்க இருக்கு. எது எதுக்குள்ள என்ன இருக்கெண்டு எனக்கே விளங்கேல்லை.”

“உம்மட மனிசனுக்குக் கல்லு போய் மாறினதுதானே?”

“ஓம், மாறினது” என்றேன். அது உண்மைதான். எதனால் என்று அவர் கேட்கவில்லை.