ஸ்டெல்லா மிஸ்ஸின் கணக்கில் இருந்த கோப்புகள்

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை, வெள்ளவத்தைச் சந்தைக்கு எதிரே பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஸ்டெல்லா மிஸ்ஸின் தமையன் சேவியர் அண்ணனின் அழைப்பு வந்தது. "தங்கச்சி போயிட்டா, நாதன். நித்திரையிலேயே போனவ" என்றார். எட்டு மாதங்களாகப் புற்றுநோயோடு மல்லுக்கட்டிய ஸ்டெல்லா மிஸ்ஸுக்கு இனி வலியில்லை என்பதுதான் முதலில் தோன்றியது. நடைபாதையில் நின்றபடி நிம்மதியாக மூச்சு விட்டேன். அழுகை பிறகுதான் வந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொழும்பு, கொட்டாஞ்சேனையில் பிறந்து கடைசிவரை அங்கேயே வாழ்ந்தவர். வெள்ளவத்தையில் எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் என்னோடு வேலை செய்தவர். நான் திரையில் தெரிவதைச் செய்பவன். திரைக்குப் பின்னால் ஓடுவதெல்லாம் அவர் பொறுப்பு. கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "உங்கட பட்டன் நல்ல வடிவுதான் நாதன். அமத்தினா ஒண்டும் நடக்குதில்லயே!" என்று அலுவலகம் முழுக்கக் கேட்கச் சொல்வார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். மத்தியானம் அவருடைய மீன் கட்லட்டில் பாதி என் தட்டுக்கு வந்துவிடும்.

முகத்துவாரம் பகுதியில் வெள்ளம் புகுந்த ஒரு வருடம், சிறுநீரக நோயாளர் பலருடைய பரிசோதனை அறிக்கைகள் பிளாஸ்டிக் சொப்பின் பைகளோடு நனைந்து போயின. கிளினிக்கில் பழைய அறிக்கை கேட்பார்கள். கையில் ஒன்றும் இருக்காது. அவர்களுக்கு உதவும் சங்கமொன்றுக்காக நாங்கள் ஓர் இணையச் செயலி செய்தோம். அறிக்கைகளை ஸ்கேன் செய்து கிளவுட் களஞ்சியத்தில் போட்டுவைப்பது. நோயாளர் எண்ணைக் கொடுத்ததும் செயலி அங்கே போய் உரிய கோப்பை எடுத்து வைத்தியருக்குக் காட்டுவது. களஞ்சியத்தோடு இணைக்கும் வேலை மிஸ்ஸுடையது. தொடக்கத்தில் அவசரக் குடுக்கையாக நான் கோப்புகளை யாரும் திறக்கக்கூடியதாக விட்டிருந்தேன். பார்த்ததும் வெடித்தார். "இது ஆக்களின்ர உடம்பு, நாதன். சனம் போற காலி ரோட்டில கொண்டுபோய்க் காயப்போடுவீங்களா?" செயலிக்கு மட்டும் அனுமதி கொடுத்து, மற்ற எல்லோருக்கும் அன்றே பூட்டிவிட்டார்.

களஞ்சியத்தை யார் பெயரில் திறப்பது என்று சங்கக் கமிட்டி இரண்டு கூட்டம் வாதாடியது. தலைவர் செயலாளரைக் காட்டினார். செயலாளர் தலைவரைக் காட்டினார். முடிவில், "மிஸ், இப்போதைக்கு உங்கட பேர்லயே திறங்கோ, பிறகு மாத்துவம்" என்றார்கள். 'பிறகு' என்றொரு நாள் எங்கள் சங்கங்களின் கலண்டரில் கிடையாது. செயலி அவருடைய சொந்தக் கணக்கின் அனுமதியிலேயே ஓடியது. அந்தக் கணக்கை மூடினால் அத்தனை அறிக்கைகளும் அதோடு போய்விடும்.

நோய் தெரிந்த வாரமே அவர் அதைக் கதைத்தார். "சங்கத்தின்ர பேருக்கு மாத்துவம் நாதன். ஆளோட சேந்து பைலும் போகக்கூடாது." எனக்கு அது சாவைப் பற்றிய பேச்சாகவே கேட்டது. "முதல்ல சுகமாகி வாங்கோ, பிறகு பாப்பம்" என்றேன். கமிட்டி சொன்ன அதே பதில். அவர் மறுபடி கேட்கவில்லை. நானும் வசதியாக மறந்துபோனேன்.

அடக்கம் முடிந்து இரண்டாம் நாள் கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போனேன். சேவியர் அண்ணன் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். எந்த வேலையையும் நாளைக்கென்று வைக்காதவர். தேத்தண்ணியைத் தந்துகொண்டே, "தங்கச்சின்ர அலுவல் எல்லாம் முடிச்சிட்டன். ஃபோன் வெட்டியாச்சு. ஈமெயில், அந்தக் கிளவுட், எல்லாம் இண்டைக்குக் காலமையே மூடினனான். பாஸ்வேர்ட் எல்லாம் கொப்பியில எழுதி வச்சிருந்தவ" என்றார்.

தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தேன். திங்கட்கிழமை கிளினிக் நாள். ஃபோனில் செயலியைத் திறந்து ஒரு நோயாளர் எண்ணை அடித்தேன். அறிக்கை திறந்தது. நம்பாமல் இன்னொன்றை அடித்தேன். அதுவும் திறந்தது.

பையிலிருந்த லப்டொப்பை அவர்களுடைய சாப்பாட்டு மேசையிலேயே விரித்தேன். நான்கு மாதங்களுக்கு முன்பே, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி, மிஸ் சங்கத்தின் பெயரில் புதுக் களஞ்சியம் திறந்து, கோப்புகளையெல்லாம் அங்கே நகர்த்தி, செயலிக்கென்று தனிக் கணக்கு வைத்து இணைத்திருந்தார். கமிட்டியை எப்படிச் சம்மதிக்க வைத்தாரோ, அது அவருக்கே வெளிச்சம். செயலியின் மாற்றக் குறிப்பில் அவர் எழுதியிருந்தது ஒரே வரி: "சங்கத்தின் பெயருக்கு மாற்றியாயிற்று. இனி என்னைத் தேட வேண்டாம்."

அனுமதிப் பட்டியலைப் பார்த்தேன். சங்கத்தின் பெயர் இருந்தது, செயலியின் பெயர் இருந்தது, என் பெயரும் இருந்தது. அவருடைய பெயர் இல்லை. தன் கையாலேயே எடுத்திருந்தார். நான் சிரிப்பதும் கண்ணைத் துடைப்பதுமாக இருந்ததைக் கண்டு சேவியர் அண்ணன் பயந்துபோனார். "நான் ஏதும் பிழையா மூடிட்டனோ?"

"இல்லயண்ணே. நீங்க மூடினது சரி. மிஸ் எல்லாத்தையும் செய்துபோட்டுத்தான் போயிருக்கிறா."

திங்கட்கிழமை காலை நான் கிளினிக்குக்குப் போய் ஓர் ஓரமாக நின்றேன். முகத்துவாரத்திலிருந்து வந்த ஓர் அம்மா, கையில் ஒரு காகிதமும் இல்லாமல் கதிரையில் அமர்ந்து தன் எண்ணைச் சொன்னார். வைத்தியர் திரையைப் பார்த்துப் படிக்கத் தொடங்கினார். அங்கே யாரும் உங்களைத் தேடவில்லை, மிஸ். நான் ஒருவன்தான் தேடிக்கொண்டு நின்றேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.