எங்கள் தெரு வாய் ஓயாமல் பேசிய கோடை

என் மகளுக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. சிரிப்பாள். வேண்டியதை நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவாள். கோபம் வந்தால் யார் செருப்பாவது சாக்கடைக்குப் போகும். வார்த்தை மட்டும் வரவில்லை.

அப்போது சிதம்பரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு குறுகலான தெருவில் குடியிருந்தோம். எனக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை. என் கணவருக்குக் கடலூரில் கம்பெனி வேலை, ஷிப்ட். பகலில் குழந்தை அங்கன்வாடியில் இருப்பாள், அது முடிந்தால் எதிரே இருந்த டீக்கடையிலும் பஞ்சர் கடையிலும் திரிவாள். டீக்கடைக்காரரைத் தெருவே மாமா என்று கூப்பிடும். பஞ்சர் கடைக்காரர் எல்லோருக்கும் அண்ணன்.

ஒரு நாள் காலையில் அங்கன்வாடி டீச்சர் என்னை நிறுத்தினார்.

"பாப்பாகிட்ட பேசறது பத்தல. என்ன வேலை செஞ்சாலும் அவகிட்ட சொல்லிக்கிட்டே செய்யுங்க. வெங்காயம் நறுக்கறேன், தண்ணி ஊத்தறேன், இப்படி. காதையும் ஒருவாட்டி கடலூர்ல டெஸ்ட் பண்ணிடுங்க."

"பகல்ல நான் வீட்டுலயே இல்லையே டீச்சர்."

"அப்ப தெருவுல இருக்கறவங்க பேசட்டும்."

பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த வாரமே அங்கன்வாடி வாசலில் தெருக்காரர்களை உட்கார வைத்து, சின்ன வயசில் மூளை எப்படி வளர்கிறது என்று விளக்கிவிட்டார். ஒரு பிள்ளையைப் பேச வைப்பது ஒரு வீட்டு வேலை இல்லை, எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டும் என்றார். மாமா உடனே எழுந்து நின்றார். "இவ்வளவு நாளா பேசாத, வேலையப் பாருன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. பேசுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான்" என்றார்.

மறுநாளிலிருந்து தெரு பேச ஆரம்பித்தது.

"பாப்பா, அண்ணன் இப்ப ட்யூப கழட்டறேன். தண்ணில முக்கறேன். பாரு, காத்து முட்ட முட்டயா வருது. அங்கதான் ஓட்ட."

எதிர்ப்பக்கம் மாமா. "பால ஊத்தறேன். டிகாஷன் ஊத்தறேன். ஆத்தறேன். இன்னும் ஆத்தறேன்."

என் மகள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி மாதிரி எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். ஒன்றும் சொல்ல மாட்டாள்.

கொஞ்ச நாளில், அவள் எதிரில் இல்லாதபோதும் அவர்களால் நிறுத்த முடியவில்லை. அண்ணன் தனியாக உட்கார்ந்து, "நிமிர்றேன். இடுப்பு பிடிச்சிக்கிச்சு" என்பார். பெண்ணாடம் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருவர் டீ குடிக்க வந்து, "பன்ன எடுக்கறேன், தட்டுல வைக்கிறேன், உங்ககிட்ட நீட்டறேன்" என்று மாமா சொன்னதைக் கேட்டு, பன்னை வாங்காமலே போய்விட்டார்.

எங்கள் வீட்டிலும் இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்டையில் அவர், "நான் இப்ப கோவமா இருக்கேன். தட்ட தள்ளி வைக்கிறேன்" என்றார். "நான் அத கண்டுக்கல. பாத்திரம் கழுவறேன்" என்றேன். அதற்கு மேல் அந்தச் சண்டையை எப்படி நடத்துவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

காது டெஸ்டுக்கு நானும் டீச்சரும் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டில் மாமாவும் அண்ணனும் கடையைச் சாத்திவிட்டு, தலை வாரி, நின்றுகொண்டிருந்தார்கள். வழி நெடுக மாமா பாப்பாவுக்கு ஊர் காட்டினார். முட்லூர் என்றார், புதுச்சத்திரம் என்றார். ஆலப்பாக்கத்தை மட்டும் ரொம்ப முன்னாலேயே சொல்லிவிட்டார். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்துவிட்டார்கள். "ஐயா, அத சொல்லத்தான் எனக்குச் சம்பளம்" என்றார் கண்டக்டர்.

டெஸ்ட் செய்த அம்மா, குழந்தைக்குப் பின்னால் நின்று மணி அடித்தார். சத்தம் வந்த பக்கம் குழந்தை திரும்ப வேண்டும். மணி அடித்ததும் முதலில் மாமா திரும்பினார். அடுத்ததற்கு அண்ணன் திரும்பினார். "உங்க ரெண்டு பேருக்கும் காது நல்லாருக்கு, வெளிய இருங்க" என்று அனுப்பிவிட்டார்.

மகளுக்கும் காது நன்றாகவே கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா எல்லோரையும் மறுபடி உள்ளே கூப்பிட்டார். தெருவில் நடப்பதை டீச்சர் பெருமையாகச் சொன்னார்.

"பேசறது நல்லதுதான். ஆனா நீங்களே பேசிக்கிட்டிருந்தா அவ எப்பப் பேசுவா? ஒண்ணு கேளுங்க. நிறுத்துங்க. அவ முகத்தப் பாத்துக் காத்திருங்க. பேச்சுப் பயிற்சிக்கும் தவறாம இங்க கூட்டிட்டு வாங்க."

"எவ்வளவு நேரம் நிறுத்தணும் மேடம்?" என்றார் மாமா.

"அவ பதில் சொல்ற வரைக்கும்."

எங்கள் தெருவைத் தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

மறுநாள் மாமா, "பாப்பாவுக்கு பிஸ்கட் வேணுமா?" என்று கேட்டுவிட்டு அப்படியே நின்றார். கடையில் இருந்தவர்களும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் பம்பு அடிப்பதை நிறுத்தினார். தினமும் இப்படியே நடந்தது. ஒரு தடவை அந்த வழியாக வந்தவர் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, "யாரு தவறிட்டாங்க?" என்று மெதுவாகக் கேட்டாராம். உஷ் என்று அவரையும் நிற்க வைத்துவிட்டார்கள்.

அப்படி ஒரு நாள், மொத்தக் கடையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபோது, அடுப்பைப் பார்த்தது அவள் ஒருத்திதான்.

"பாலு" என்றாள்.

மாமா அடுப்பை அணைக்கவில்லை. "என்னடா கண்ணு சொன்ன?" என்று குனிந்தார். அவள் கையை நீட்டி மறுபடியும், "பாலு" என்றாள். பால் முழுக்கப் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. மாமா அப்படியே ஜெராக்ஸ் கடைக்கு ஓடி வந்தார். மூச்சு வாங்க என்னிடம் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலேயே அண்ணனும் வந்து, "பாலு இல்ல, போல்ட்டு. நான் கையில போல்ட்டு வச்சிருந்தேன்" என்றார். இந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

சந்தோஷமாகத்தான் இருந்தது. முதல் வார்த்தைக்கு நான் இல்லாமல் போனேனே என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டும் இருந்தேன். அம்மா என்று அவள் கூப்பிட்டது பிறகு கடலூரில், பயிற்சிக்குக் காத்திருந்தபோது. ஒண்ணுக்கு வருகிறது என்று சொல்லக் கூப்பிட்டாள்.

இப்போது யூகேஜி போகிறாள். வகுப்பில் பேச்சைக் குறைக்கச் சொல்லுங்கள் என்று பள்ளியிலிருந்து போன் வருகிறது.

போன வாரம் அவளைப் பள்ளிக்குக் கூட்டிப் போகும்போது அங்கன்வாடி வாசலில் கூட்டமாக இருந்தது. பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் கீரையைத் தொட மாட்டேன் என்கிறானாம். பெரியவர்கள் ஆசையாகச் சாப்பிடுவதைப் பார்த்தால் அவனும் சாப்பிடுவான் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் வரிசையில் அண்ணன் சம்மணம் போட்டு, முருங்கைக்கீரைச் சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் நிற்க ஆசையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பையன் தன் தட்டிலிருந்த கீரையையும் அவர் தட்டுக்குத் தள்ளினான்.