எங்க ஊரு தேளு

எண்பதுகளில் திண்டிவனத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் காய்ச்சலோடு படுத்திருந்தபோதுதான் அந்த நர்சம்மாவைப் பார்த்தேன். கனத்த உடம்பு, கொண்டையில் செருகிய பேனா. நோயாளியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்த பிறகே பெயரைக் கேட்பார்.

ஒருநாள் மத்தியானம், வல்லம் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். செந்தேள் கொட்டியிருந்தது. தெற்கிலிருந்து புதிதாக வந்திருந்த டாக்டர் நின்றபடியே சொன்னார்: "எங்க ஊர்லயும் செந்தேள் கெடக்கு. வலிக்கும், அவ்வளவுதான். ஊசி போட்டு அனுப்புங்க."

நர்சம்மா பாதத்தைத் தொட்டார். முகம் சிவந்துவிட்டது.

"உங்க ஊரு தேளு வலிக்கும் சார். எங்க ஊரு தேளு ஆளையே சாய்ச்சிடும். கால் ஜில்லுனு கிடக்குது, வேர்த்துக்கினே இருக்குது. போன மல்லாட்டை சீசன்ல இப்படித்தான் ஒருத்திய அனுப்பினோம், பஸ்லயே செத்துப் போயிட்டா. இவள நான் அனுப்ப மாட்டேன்."

டாக்டர் கத்தினார். நர்சம்மா கட்டிலை விட்டு நகரவில்லை. ஒரு மணி நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு மூச்சு முட்டி, வாயில் நுரை தள்ளியது. டாக்டரே ஓடி வந்தார். ஆக்சிஜன் பக்கத்திலேயே இருந்ததால் பிழைத்தாள்.

மறுநாள் அந்தப் பெண்ணின் கேஸ் ஷீட்டை நர்சம்மா எனக்குப் படித்துக் காட்டினார். "என் உத்தரவின்படி கண்காணிப்பில் வைக்கப்பட்டார்" என்று டாக்டர் எழுதியிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க கேக்க மாட்டீங்களாம்மா?" என்றேன்.

"எழுதிக்கினு போகட்டும். அடுத்த தேள்கொட்டு கேஸை படுக்க வச்சிப் பாப்பாரு இல்ல, அது போதும்."

எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அவருக்கு எப்படி ஒரே இரவில் ஆறியது என்பதுதான் புரியவில்லை.